தேயிலை மலையில் இரு பகல்

கடல் கடந்து கல்வி பயிலச் செல்லும் மாணவர் பெறும் கல்வி இருவகைப்படும். ஒன்று கட்டணம் செலுத்திப் பெறுவது. அதற்குத் தேர்வு உண்டு, பட்டமும் உண்டு. மற்றொன்று வாரத்தின் கடைசி இரண்டு நாட்களில் தானே வந்து வாய்ப்பது, அதற்குப் பட்டமில்லை. முன்னதற்கே வீட்டில் கணக்குக் காட்ட முடியும். பின்னதைப் பற்றித் தொலைபேசியில் வாய்திறந்தால், "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்னும் வினா உடனே வந்து விழும். ஆதலின் அதனை வீட்டாரிடம் சொல்லாது, நேயர்களிடம் சொல்லத் துணிந்தோம்.

கோலாலம்பூரில் நாம் நால்வர் ஒரே விடுதியில் இருந்தோம். இருவர் தமிழ்நாட்டினர், அவருள் ஒருவர் நாகூரார். மூன்றாமவர் ஈப்போவிற் பிறந்த மலேசியத் தமிழர். நான்காமவர் திரங்கானு கடற்கரைக் கிராமத்து மலாய் இளைஞர். அந்நாட்டு மாணவர்க்கு வாரமுடிவு என்றால் கடற்கரை என்றே பொருள். கடலாமை முட்டையிடுவதைக் காணவேண்டும் என்பது நம் நெடுநாள் அவா. மாசி மாதத்து ஒரு வாரமுடிவில் கிழக்குக் கரைக்குச் சென்று வருவோம் என்று முடிவு செய்தோம். திரங்கானு நண்பர் சிரித்தார். "ஆமைகள் வரும் பருவம் இதுவன்று. வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் அடங்கவில்லை. தீவுகளுக்குப் படகும் ஓடாது. அன்றியும், நீங்கள் காண விரும்பும் ஆமையைக் காண ஐம்பது ஆண்டுகட்கு முன்பே வந்திருக்கவேண்டும்" என்றார்.

அவர் கூறியது தோணியாமையைக் குறித்து. ஏழுவரி ஆமை என்றும் நம் மீனவர் அதனைக் கூறுவர். ஆமையினத்துள் அதனினும் பெரியது வேறில்லை. வளர்ந்த ஆமை 300 கிலோவுக்கு மேல் நிறைகொள்ளும். 1950களில் திரங்கானுவின் ரந்தாவ் ஆபாங் கடற்கரையில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் அளவிற்குத் தோணியாமைகள் முட்டைக்குழி தோண்டின. இந்த நூற்றாண்டு பிறந்தபோது அத்தொகை விரல்விட்டு எண்ணுமளவிற்கு வந்துவிட்டது. முட்டைகளை ஏலத்தில் எடுத்து விற்றனர். ஆழ்கடலில் மீன்வலைகள் தாய் ஆமைகளைக் கொன்றன. எஞ்சிய முட்டைகளைக் காப்போம் என்று பொரிப்பகம் அமைத்தபொழுது மற்றொரு துன்பம் நேர்ந்தது. ஆமைக்குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேற்பட்டால் பெரும்பாலும் பெண்ணே பிறக்கும். வெயில்பட்ட பொரிப்பகத்து மணலில் ஆண்டுக்கணக்காகப் பெண் குஞ்சுகளே பொரித்தன. நன்மை செய்யப் புகுந்தவர் அதனை அறியவே ஆண்டுகள் பல சென்றன. 2022 முதல் திரங்கானுவில் எவ்வகை ஆமையின் முட்டையையும் விற்றல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றது. தம் பாட்டனார் காலத்துச் சந்தையில் அம்முட்டைகள் குவிந்து கிடந்ததை நண்பர் கதையாகக் கேட்டவர். ஆமையைக் கண்டவர் அல்லர்.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் ஈப்போ நண்பர் மெல்லச் சொன்னார்: "கடல் இல்லையென்றால் மலைக்கு வருகிறீர்களா? கேமரன் மலையில் என் பாட்டி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரை ஈப்போவிற்கு அழைத்துப் போகவேண்டும். சாமான் தூக்க ஆள் தேவை." சாமான் தூக்குவதற்கென்று ஒருவர் அழைப்பதும், அதனை உல்லாசப் பயணமென மற்றவர் கொள்வதும் மாணவப் பருவத்திலன்றி வேறெப்பொழுது நிகழும்? வெள்ளிக்கிழமை பிற்பகலே பேருந்து ஏறிவிட்டோம்.

தாப்பா என்னும் ஊரிலிருந்து மலைச்சாலை தொடங்குகின்றது. அதன் வளைவுகளைப் பற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை. நாகூர் நண்பரின் வயிறு அறியும். வழியிற் செமாய் பழங்குடியினரின் மூங்கில் வீடுகள் தோன்றின. சாலையோரக் கடைகளில் காட்டுத் தேன், பெத்தாய்க் காய், இவற்றோடு கண்ணாடிச் சட்டத்துள் ஊசியிற் குத்திய பட்டாம்பூச்சிகள் விலைக்கிருந்தன. இம்மலைக்குப் பெயர் தந்தவர் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கில நில அளவையாளர். 1885இல் இம்மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். ஆயின் படத்தில் இடத்தைத் திட்டமாகக் குறியாமற் போயினார். அதனால் பின்வந்தோர் அதனை மீளக் கண்டறியவே பலகாலம் ஆயிற்று. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் எழுந்தது. கேமரனுக்கு வழித்துணையாகச் சென்றவர் குலோப் ரியாவ் என்னும் மலாயர். அவர் பெயரை மலைக்கு வைக்க எவரும் எண்ணவில்லை. அவ்விருவரும் வருமுன்னரே அக்காட்டில் வாழ்ந்துகொண்டிருந்த செமாய் மக்களைக் 'கண்டுபிடித்தவர்' என்று சொல்ல எவர்க்கும் தோன்றவுமில்லை. கண்டுபிடித்தல் என்னும் சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் எழுதவேண்டும் போலும்.

ரிங்லட் ஊரை அந்திப்பொழுதிற் கடந்தோம். அங்கொரு நீர்த்தேக்கம் உளது. 1963இல் முற்றுப்பெற்ற மின்னாக்கத் திட்டத்தின் பகுதி அது. பகாங்கின் கீழ்க்கடலுக்குச் செல்லவேண்டிய ஆற்றுநீரைக் குடைவழியாகத் திருப்பிப் பேராக்கின் மேல்கரைப் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். நீரின் நிறம் தேநீரை ஒத்திருந்தது. பால் கலந்த தேநீர். மேலே காடழித்துப் பயிர்செய்யும் சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கி வந்து தேக்கத்தில் தங்குகின்றது. மண் தங்கத் தங்க நீர் கொள்ளும் இடம் குறைகின்றது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், பெருமழையால் நிரம்பிய அணையைத் திறந்துவிட்டபோது கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பல போயின. முட்டைக்கோசு விலை குறைவு என்று கோலாலம்பூர்ச் சந்தையில் மகிழ்வோர் அம்மண்ணின் விலையையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

கியா பார்ம் என்பது பிரிஞ்சாங்குக்கு அப்பால் உள்ள சிற்றூர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது. அதன் அண்மையிலே ஒரு சிறு தோட்டம். அதன் பெயர் வேண்டா. அங்கே பத்து வீடுகள் சேர்ந்த ஒரு பழைய லயம். தகரக் கூரை, பலகைச் சுவர், முன்புறம் ஒரு தாழ்வாரம். இரவு ஒன்பது மணிக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு சென்ற நம்மைப் பாட்டியார் கதவிலேயே நிறுத்தி முகம் பார்த்தார். "வாங்க தம்பிகளா" என்று நம்மையும், "மாரி, மாசோக்" என்று மலாய் நண்பரையும் அழைத்தார். அந்நண்பர் அவரை "நெனெக்" என்று விளித்தார். மலாய்மொழியில் பாட்டி என்று பொருள். அடுப்பங்கரையில் அமர்ந்து சுடுசோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் உண்டோம். அக்குளிரில் அதற்கு இணையான உணவை நாம் இதுவரை உண்டதில்லை. இனி உண்போமென்ற நம்பிக்கையும் இல்லை.

பாட்டியார்க்கு வயது எழுபத்தெட்டு. அந்த லயத்திலேயே பிறந்தவர். அவர் தந்தையார் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணி ஒருவரால் ஆள்சேர்க்கப்பட்டு, நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1938இல் இந்திய அரசாங்கம் மலேயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. அதற்கு முந்திய கடைசிக் கூட்டங்களில் ஒன்றில் அவர் இருந்தார். இம்மலையிற் தேயிலை அப்போது புதியது. ரஸல் என்னும் ஆங்கிலேயர் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1933இல் அகர்வால் என்னும் வடஇந்தியர் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார். பிறவும் பின்னர் எழுந்தன. எவர் தொடங்கினும் காட்டை வெட்டிச் செடியை நட்ட கைகளிற் பெரும்பாலன தமிழர் கைகள். லயத்திலும் சாதி குடிபுகுந்ததுண்டு என்றார் பாட்டியார். "குழாய்க்கு மேலே சிலர், கீழே சிலர். கப்பலில் எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்துத்தான் வந்தார்களாம். கரையேறினதும் நினைப்பு வந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார். இதற்குமேல் ஒரு விரிவுரை எழுத நம்மால் ஆகாது.

இனி அவர் ஏன் மலையை விட்டிறங்குகிறார் என்பதைச் சொல்லவேண்டும். லயத்து வீடு வேலையோடு வருவது. பாட்டியார் ஓய்வு பெற்றபின் அவ்வீடு மகன் பேரில் இருந்தது. மகனும் தோட்டவேலையை விட்டு ஈப்போவில் சரக்குந்து ஓட்டப் போய்விட்டார். வேலையாள் இல்லாத வீட்டிற் பாட்டிக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. மாத முடிவிற்குள் சாவியை ஒப்படைக்க வேண்டுமென்று கண்டிருந்தது. கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு வேலை செய்தவர் என்ற செய்தியும் அதில் ஒருவரியாகக் குறிக்கப்பட்டிருந்தது. முதலில் கையாற் கிள்ளினார். பிறகு கத்திரி வந்தது. பிறகு இருவர் பிடித்துச் செல்லும் பொறி வந்தது. மூன்றாவதற்குக் கிழவியின் தோள் உதவாது.

மறுநாட் காலை கண்விழித்த நமக்கு முதற்காட்சி தாழ்வாரத்துக் கூரையடியில் கிடைத்தது. விட்டத்தின்மேல் மண்ணுருண்டைகளால் ஒரு கிண்ணம் பாதி கட்டப்பட்டிருந்தது. இரண்டு தகைவிலான் குருவிகள் மாறிமாறி வந்து அலகிற் கொணர்ந்த ஈரமண்ணை அதன் விளிம்பில் ஒற்றின. நெற்றியும் தொண்டையும் செங்காவி, முதுகு கருநீலம். நம் நாகூர் நண்பர் உயிர்நூல் பயில்பவர். அவர் ஒரு செய்தி சொன்னார். ஊருக்குள் மின்கம்பிகளில் நூற்றுக்கணக்கில் அமர்ந்திருக்கும் தகைவிலான்கள் சீனத்திலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்திற்கு வந்தவை, சித்திரைக்குள் திரும்பிவிடும். கூரையடியிற் கூடு கட்டுபவையோ வேறு. இவை இம்மண்ணிலேயே பிறந்து இம்மண்ணிலேயே குஞ்சு பொரிப்பவை. தூரத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் தேயிலைத் தோட்டத்து வீடுகளிற் கூடு கட்டும் குருவியும் இதன் நெருங்கிய உறவே. அண்மைக் காலம்வரை இரண்டையும் ஒரே இனமென்று நூலோர் எழுதி வந்தனர்.

"எத்தனை வருஷமாக இங்கே கட்டுகின்றன, பாட்டி?" என்று கேட்டோம். "நான் பெரட்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து பார்க்கிறேன். அம்மா கூட்டைக் கலைக்க விடமாட்டார்கள். எச்சம் விழுமென்று கீழே ஒரு சாக்கு விரித்து வைப்போம்" என்றார். சாக்கு அன்றும் விரித்திருந்தது.

மலேசிய நாட்டு அரசியற் சச்சரவுகளில் 'பெண்டாத்தாங்' என்றொரு சொல் அவ்வப்போது எறியப்படுவதுண்டு. வந்தேறி என்பது அதன் பொருள். தமிழர்மேலும் சீனர்மேலும் அது எறியப்படும். எழுபத்தெட்டு ஆண்டுகட்கு முன் இக்கூரையின்கீழ்ப் பிறந்தவர் வந்தேறியாயின், அவர் நட்ட தேயிலை எங்கிருந்து வந்தது? சீனத்தினின்றும் அசாமினின்றும் வந்தது. இம்மலையின் பெருமையென விற்கப்படும் முட்டைக்கோசும் செம்புற்றுப்பழமும் மேலைநாட்டுக் குடிகள். இதனை நாம் சொன்னபொழுது திரங்கானு நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "செமாய் மக்கள் கேட்டால் என் பாட்டனாருக்கும் அதே சொல் பொருந்தும்" என்றார். இதனை வாய்விட்டுச் சொல்லும் துணிவு படைத்தவரை நண்பராகப் பெற்றது நமது பேறு.

அன்று முற்பகல் கியா பார்ம் சந்தைக்குச் சென்றோம். காய்கறிகளும் தேனும் பூந்தொட்டிகளும் வரிசையாக நிறைந்திருந்தன. சுற்றிலுமுள்ள சரிவுகளில் மண் தெரியவில்லை. நெகிழிக் கூடாரங்களே தெரிந்தன. மலை முழுதும் வெள்ளைக் கொப்புளம் போட்டதுபோன்ற தோற்றம். அங்கேயுள்ள பட்டாம்பூச்சிப் பண்ணைகளுள் ஒன்றிற்குக் கட்டணம் செலுத்தி நுழைந்தோம்.

வலைக்கூரையின் கீழ் நாம் கண்ட முதல் உயிர் ராஜா புரூக் சிறகன். கருஞ்சிறகு, அதன்மேல் பசும்பொற் பட்டைகள் பல்வரிசைபோல் நிமிர்ந்திருக்கும், கழுத்தில் ஒரு செங்கோடு. ஒரு சாணளவு அகன்ற சிறகு அது. 1855இல் வாலஸ் என்னும் இயற்கையாராய்ச்சியாளர் சரவாக்கில் அதனைப் பெற்று, அந்நாட்டை ஆண்ட ஆங்கிலேய 'ராஜா'வின் பெயரைச் சூட்டினார். இப்போது அது மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி. நம் தமிழ்நாட்டரசும் 2019இல் 'தமிழ் மறவன்' என்பதனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அதற்கு ராஜாவின் பெயர் வாய்க்கவில்லை, நல்லதாயிற்று. ராஜா புரூக்கின் புழு உண்பது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த கொடியின் தழையை. ஆடும் தீண்டாத அந்த நஞ்சை உண்டு, அந்நஞ்சையே தன் காவலாக உடம்பிற் சேமித்துக்கொள்கின்றது அப்புழு. வெந்நீரூற்றுகளின் ஓரத்து ஈரமண்ணில் ஆண்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்பு உறிஞ்சும் என்றும், பெண்பூச்சியைக் காண்டல் அரிது என்றும் நாகூர் நண்பர் கூறினார்.

இத்தனையும் நூலறிவு. கண்முன் கண்டதோ வேறு. செம்பருத்திப் புதர்களின்மேல் அமர்ந்திருந்த பலவற்றின் சிறகோரம் கிழிந்திருந்தது. சில தரையிற் கிடந்து துடித்தன. பணியாள் ஒருவர் சருகையும் பூச்சியையும் ஒரே துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினார். அடுத்த அறையில் கொம்பு வண்டு, குச்சிப்பூச்சி, இலைப்பூச்சி முதலியன இருந்தன. காசு கொடுத்தவர் சட்டைமீது அவற்றை எடுத்து ஒட்டிப் படம் பிடித்துக்கொள்ளலாம். இலைப்பூச்சி தன்னை இலையென்று காட்டிப் பிழைப்பது. அதனைச் சிவப்புச் சட்டைமேல் வைத்தால் அதற்கு ஒளியுமிடம் ஏது? அது அசையாமலே இருந்தது. அசையாதிருந்தால் எவரும் காணார் என்னும் நம்பிக்கை அதற்கு இன்னும் போகவில்லை. நாம் படம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவரைப் பழிக்கவுமில்லை, ஒரு சிறுமி அவ்வண்டைக் கண்டு அஞ்சி, பின் அச்சந் தெளிந்து, அதன் முதுகை ஒரு விரலால் தடவியதைப் பார்த்தோம். அத்தடவலாற் பிற்காலத்தில் ஏதேனும் நன்மை விளையவுங்கூடும். ஆயினும் அக்கூரையின்கீழ் நமக்கு மூச்சு முட்டிற்று.

பிற்பகல் பரண் இறக்குவதிற் கழிந்தது. ஒரு வாழ்க்கை எத்தனை மூட்டை என்பது வீடு மாறும்பொழுதே தெரியும். கொழுந்துக்கூடை இரண்டு, அம்மி ஒன்று, பித்தளைத் தவலை, மாணவர் நால்வரும் பெயர் வாசிக்க முயன்று தோற்ற ஒரு பழைய சம்பளச் சீட்டுக் கட்டு, மகன் முதல் வகுப்பிற் படித்த தமிழ்ப் பாடநூல். கூடை எதற்கு என்று பேரன் கேட்டார். பாட்டியார் மறுமொழி சொல்லாமல் அதனுள் துணிகளை அடுக்கினார்.

ரப்லீசியா மலர் பூத்திருப்பதாகச் செய்தி கேட்டு, வேலைக்கிடையே ஒரு செமாய் இளைஞரோடு காட்டிற்குள் சென்றதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். இலையும் தண்டும் வேரும் இல்லாமல், திராட்சையும் பிரண்டையும் சேர்ந்த குடும்பத்துக் கொடியொன்றில் ஒட்டுண்டு வாழும் செடி அது. மொட்டு முதிர மாதக்கணக்காகும். மலர்ந்தபின் ஒரு வாரமும் நில்லாது. நாம் சென்றபொழுது மலர் கருகி, அழுகிய முட்டைக்கோசுபோற் கிடந்தது. அதற்கு நாற்பது நிமிடம் சேற்றில் வழுக்கினோம். வழிகாட்டி வருந்தி, முட்டைக்கோசளவான வேறொரு மொட்டைக் காட்டி, "இரண்டு வாரங்கழித்து வாருங்கள்" என்றார். இரு பருவத்தையும் கண்டோம். மலரை மட்டும் காணவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிரிஞ்சாங் மலைமுடி நோக்கி நடந்தோம். 2,031 மீட்டர் உயரமுடைய அம்முடிக்குத் தோட்டங்களின் ஊடே குறுகிய சாலை செல்கின்றது. தேயிலைப் புதர்கள் இருளில் தூங்கும் ஆட்டுமந்தைபோற் கிடந்தன. உயரே ஏறத் தேயிலை நின்றுவிட்டது, காடு தொடங்கிற்று. பாசிக்காடு என்பது அதன் பெயர். மேகம் நாள்தோறும் வந்து தங்குவதால் மரமெல்லாம் குறுகி முறுகிப் பாசி போர்த்து நிற்கின்றன. கிளையில் ஆள்மேற் பாசியா, பாசிமேற் கிளையா என்று பிரித்தறிய இயலாது. நீலகிரிச் சோலைகளிற் காட்டுப்பூவரசு பூத்திருப்பதைக் கண்டவர்க்கு, அதன் உறவினர் இங்கும் இருக்கக் கண்டு உள்ளம் துள்ளும். காலடியிற் பாசிமெத்தையிலிருந்து குடுவைச் செடிகள் தலைநீட்டின. இலைநுனி நீண்டு ஒரு குடமாகி, அதற்கொரு மூடியும் தாங்கியிருக்கும். வழுக்கும் விளிம்பில் இறங்கும் எறும்பு உள்ளிருக்கும் நீரில் வீழ்ந்து செரிக்கப்படும். மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டுபோன இடத்தில் செடி பசியாற வேறு வழி கண்டுகொண்டது. நாகூர் நண்பர் குனிந்து ஒரு குடுவைக்குள் எறும்புகளை எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்றாம் எறும்பில் அவர் வாய் நின்றது.

கீழ்ப்பள்ளத்திலிருந்து ஓர் ஒலி எழுந்தது. முதலிற் பறையின் அடித்தொனி போன்று ஒரு முழக்கம், மீண்டும் ஒன்று, அதன்மேல் ஒரு கூவல், கூவல் விரைந்து விரைந்து சிரிப்பாகி, சிரிப்பு அலறலாகி, மேகம் முழுதும் அதிர்ந்தது. சியாமாங் என்றார் திரங்கானு நண்பர், காதோடு. வாலில்லாக் குரங்கினத்துள் ஒன்று அது. சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்ப மலைகளிலுமே வாழ்வது. உடல் முழுதும் கருமை. தொண்டையில் ஒரு பையுண்டு. அது தலையளவு ஊதிப் புடைத்து ஒலியைப் பெருக்கும். ஆணும் பெண்ணும் கூடியே பாடும். பல்லாண்டு சேர்ந்து வாழ்ந்த இணையின் பாட்டு பிசகாது பொருந்தும் என்பர். "இந்த மரங்கள் எம்முடையவை, இங்கே நாம் இருக்கின்றோம்" என்று அண்டைக் குடும்பங்களுக்கு அறிவிப்பதே அப்பாட்டின் பயன் என்று ஆராய்ந்தோர் கூறுவர். காடு துண்டுபட்ட இடத்தில் அறிவிக்க இணை இருக்கலாம். கேட்க அண்டை வீடு இராது.

கால்மணி நேரம் அசையாமல் நின்றோம். மேகம் ஒருகால் விலகிற்று. பள்ளத்தின் எதிர்க்கரையில் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து நீண்ட கருங்கை ஒன்று வெளிப்பட்டு, அடுத்த கிளையைப் பற்றி, உடலை ஊஞ்சலாட்டி மறைந்தது. அதன் பின்னே மற்றொன்று. அதன் மார்பில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டியாகலாம். மேகம் மூடிக்கொண்டது. நாம் கண்டது மூன்று நொடிகூட இராது. அதன்பின் நெடுநேரம் நால்வரும் ஒரு சொல்லும் பேசவில்லை. முதல்நாள் கட்டணம் செலுத்திக் கண்ட நூறு சிறகுகளில் ஒன்றேனும் நம்மை இவ்வாறு வாய்மூடச் செய்யவில்லை.

திரும்பி இறங்கியபொழுது வெயில் ஏறியிருந்தது. சரிவில் வங்காளதேசத்து இளைஞர் இருவர் பொறி பிடித்துக் கொழுந்து வெட்டிச் சென்றனர். பொறியின் இரைச்சல் பள்ளமெங்கும் நிறைந்தது. சியாமாங்கின் பாட்டு ஏன் காலையிலேயே முடிந்துவிடுகின்றது என்பதற்கு நண்பர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். எவரும் அறிந்து கூறவில்லை.

லயத்தின் முன்னே மகனின் சரக்குந்து நின்றது. நண்பகலுக்குள் மூட்டைகள் ஏறிவிட்டன. தோட்டத்துக் கிராணி சாவி வாங்க வந்திருந்தார், இளையவர், தமிழர், பாட்டியாரின் கண்ணைப் பார்க்காமல் பேசினார். அவர் பின்னால் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர், கையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையுமாக நின்றார். அவ்வீடு இனி அவர்க்கும் இன்னும் மூவர்க்கும் என்று அறிந்தோம். எந்தக் கடனை அடைக்க அவர் கப்பலேறாமல் விமானமேறி வந்தாரோ, அறியோம். ஆள்சேர்க்கும் தரகருக்குக் கொடுத்த பணம் இரண்டாண்டுச் சம்பளம் என்று மட்டும் பின்னர்ப் பேச்சிடையே சொன்னார். கங்காணி என்னும் பெயர் ஒழிந்தது.

பாட்டியார் அவரைக் கைகாட்டி அழைத்தார். கூரையடிக் கூட்டைக் காட்டி மலாய்மொழியிற் சொன்னார். "ஒட்டடை அடிக்கும்பொழுது இதைத் தட்டிவிடாதே. இன்னும் முட்டையிடவில்லை. குஞ்சு பறக்கிறவரை விட்டுவை. சாக்கு இங்கேயே இருக்கட்டும்." அத்தொழிலாளிக்கு மலாய் அரைகுறையாகவே தெரியும். விழித்தார். திரங்கானு நண்பர், "லாயாங் லாயாங்" என்று அக்குருவியின் மலாய்ப் பெயரைச் சொன்னார். அதுவும் விளங்கவில்லை. அந்நேரம் ஒரு குருவி அலகில் மண்ணோடு அவர் தலைக்குமேல் வந்து, புதியவரைக் கண்டு ஒதுங்கி, மீண்டும் வந்து கூட்டில் ஒட்டிக்கொண்டது. அவர் முகம் மலர்ந்தது. "ஆபாபீல்!" என்றார். நாகூர் நண்பரும் மகிழ்ந்து அச்சொல்லையே திருப்பிச் சொன்னார். யானைப்படையைத் துரத்திய பறவைகளென்று அவர்தம் மறையில் வரும் பெயர் அது. வங்கத்தில் தகைவிலானுக்கு அதுவே பெயராம். தம் ஊர் வீட்டிலும் அவை வரும் என்று கையசைத்துக் காட்டினார் அவர். பெட்டியைச் சாக்கின்மேல் வைக்கப் போனவர், அதனைத் தூக்கி அப்பால் வைத்தார்.

பாட்டியார் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். வீட்டைத் திரும்பிப் பார்ப்பாரென்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ சாளரத்தின் வழியே தலைநீட்டி, "அம்மியை ஏத்தினீங்களா, தம்பி?" என்று கேட்டார். ஏற்றியாயிற்று என்றோம். வண்டி புறப்பட்டது.